கண்ணகை வாங்கிய அரபு எழுத்து லெப்டொப்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் எங்கள் வாவிக்கரை ஊரான தேற்றாத்தீவில் லெப்டொப் வைத்திருந்த ஒரே ஆள் என் மனைவி கண்ணகைதான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது வைத்திருந்தால் அவர்கள் அதை வெளியில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதுதான் புத்தி.

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு நிவாரண அமைப்பொன்று களுவாஞ்சிகுடியில் கந்தோர் திறந்தது. பாதிக்கப்பட்டவர்களின் பெயர் விபரம் பதியப் படித்த பெண்கள் தேவை என்றார்கள். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியும் வீட்டில் இருந்த கண்ணகை போனாள். ஒரு வாரத்தில் தட்டச்சுப் பழகினாள். இரண்டு வருடம் கழித்துக் கந்தோரை மூடியபோது, அங்கிருந்த சாமான்களை வேலை செய்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். ஒருத்தி மேசை எடுத்தாள், ஒருவர் மின்விசிறி எடுத்தார். யாருமே கேட்காத பழைய லெப்டொப்பை கண்ணகை கேட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"ஃபேன எடுத்திருந்தா வீட்டுக்குக் காத்தாவது வந்திருக்கும் புள்ள" என்றேன்.

"காத்து வாவிப்பக்கமிருந்து சும்மாதானே வருது" என்றாள்.

நான் வாவியில் மீன் பிடிக்கிறவன். பெயர் நல்லரத்தினம். என் தொழிலுக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் வராது என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த சில மாதங்களில் எங்கள் ஊரில் அறுபத்தொரு பேரின் பிழைப்பு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த வருடம் வாவியின் மறுகரையான படுவான்கரையில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை பிடித்தது. வாவியில் தோணி இறக்குவதற்கு இராணுவ முகாமின் அனுமதி வேண்டும் என்றாகியது. மாதாமாதம் மீனவர் சங்கம் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், தோணி இலக்கம், இறங்குதுறை எல்லாம் ஆங்கில எழுத்தில். பட்டியலில் உள்ளவனுக்குத்தான் பாஸ். பாஸ் இல்லாதவன் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சங்கத் தலைவர் அழகரத்தினம் அண்ணர் கையால் எழுதிக் கொடுத்த முதல் பட்டியலை, எழுத்து விளங்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, உன்ட பெட்டியில அடிச்சுத் தருவியா?"

கண்ணகை அடித்தாள். அன்றிலிருந்து அது அவளுடைய வேலையாகிவிட்டது. சம்பளம் ஒன்றும் கிடையாது. வலை நிறைந்த நாட்களில் ஆளுக்கொரு கோர்வை மீன் எங்கள் வேலியில் தொங்கும்.

ஆனால் அந்த லெப்டொப்புக்கு வயது போய்விட்டது. பற்றரி செத்து, கரண்ட் போன கணமே அதுவும் போய்விடும். மூடியின் பிணைச்சல் உடைந்து, பின்னால் பால்மா டின் ஒன்றை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்தி வைப்பாள். திரையின் நடுவில் பச்சைக் கோடு. எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லங்கம் எட்டு என்ற இலக்கக் கட்டையில். மூன்று தரம் அமத்தினால் ஒரு தரம் விழும்.

பங்குனி மாதப் பட்டியலில் இராசதுரை அண்ணரின் இலக்கத்தில் ஓர் எட்டு விழாமல் போனது. ஒன்பது இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இலக்கம்தான் இருந்தது. விடியக் காலையில் இறங்குதுறைக் காவலரணில் அவரை மறித்துவிட்டார்கள். அட்டையில் ஒன்று, பட்டியலில் வேறொன்று. மத்தியானம் வரை வெயிலில் உட்கார வைத்து, தலைவர் போய்ப் பேசிய பிறகுதான் விட்டார்கள். அந்த வருடத்தில் மத்தியானம் திரும்பி வந்தது பெரிய காரியம். திரும்பி வராதவர்களையும் நாங்கள் கண்டிருந்தோம்.

அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன்.

"ஒரு எட்டுத்தானே புள்ள, அதுக்கு ஏன் அழுறாய்? தண்ணி கொஞ்சம் தா" என்றார்.

கண்ணகை அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளிலிருந்து சமைக்கும்போதும் முற்றம் கூட்டும்போதும் இலக்கங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு பேரின் அடையாள அட்டை இலக்கங்களையும் பாடமாக்கிவிட்டாள். மிசினை நம்ப ஏலாது, நான்தான் பிடிச்சு வைக்க வேணும் என்றாள்.

சங்கம் கூடியது. கட்டடத்தின் கூரை மாற்ற முப்பத்தையாயிரம் ரூபாய் இருந்தது. ஒழுகுகிற கூரையின் கீழே இருந்துகொண்டே, அந்தக் காசில் லெப்டொப் வாங்குவது என்று முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. கொழும்பில் புதிதாக வாங்கினால் ஏழெட்டு வருடம் நிற்கும் என்றார் ஒருவர். காசு மூன்று மடங்கு வேண்டும், கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவரும் வழியில் எத்தனை இடத்தில் சோதனைக்கு இறங்க வேண்டும் என்று அவரே எண்ணிப் பார்த்து விட்டுவிட்டார். பெரிய கொம்பியூட்டர் மலிவு, அதையே வாங்குவோம் என்றார் இன்னொருவர்.

"ஓட வேண்டி வந்தா அத ஆரு தலையில வச்சுக்கொண்டு ஓடுற?" என்று கண்ணகை கேட்டாள்.

படுவான்கரையிலிருந்து கையில் கிடைத்ததோடு வாவி கடந்து வந்த சனம் அப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில்தான் இருந்தது.

இராசதுரை அண்ணர் எழும்பினார். "என்னவும் வாங்குங்க. எனக்கு எட்டு வேலை செய்தாக் காணும்." கூட்டம் சிரித்துக் கலைந்தது.

முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் பாறூக் என்பவர் பழைய லெப்டொப் விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளில் போனோம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மனக்கசப்பு இருந்த அந்த வருடங்களில் எங்கள் ஊர்க்காரர் காத்தான்குடிக்குப் போனால் சாமானை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுவார்கள். அவர்களும் எங்கள் பக்கம் அப்படித்தான். நானும் அரை மணித்தியாலத்தில் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பாறூக் சவூதியில் பத்து வருடம் மின்சாதனம் திருத்தியவர். மூன்று லெப்டொப்பை எடுத்து வரிசையாக வைத்தார். முதலாவது வெள்ளி நிறம், மெல்லியது, பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவதில் திரை கண்ணாடி போலத் துலக்கம். மூன்றாவது கறுப்பு, அம்மி போலக் கனம், எழுத்துக் கட்டைகளில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்தும் இருந்தது.

"எது தங்கச்சி வேணும்?"

"அடிச்சுப் பாக்கலாமா நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"தாராளமாப் பாருங்க."

கண்ணகை வெள்ளி லெப்டொப்பின் முன் உட்கார்ந்து இலக்கங்களை அடிக்கத் தொடங்கினாள். தாள் ஒன்றும் பார்க்கவில்லை. அறுபத்தொரு வரி. பிறகு எழும்பி இரண்டாவதில் உட்கார்ந்து அதே அறுபத்தொரு வரி. பாறூக் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்.

"இது என்ன நம்பர் தங்கச்சி?"

"எங்கட ஆக்கள்."

வெள்ளியில் கட்டைகள் நெருக்கமாம், விரல் பிழைக்கிறதாம். இரண்டாவதின் மூடியை நாலைந்து தரம் திறந்து மூடினாள். பிணைச்சலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்ததை விரலால் தடவிக் காட்டினாள். பால்மா டின்னோடு பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும். கறுப்பில் இலக்கங்களுக்கென்று வலப்பக்கத்தில் தனிக் கட்டைகள் இருந்தன. அதில் அவள் விரல் ஓடிய வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

"வயரக் கழட்டுங்க நானா" என்றாள். "பற்றரி எவ்வளவு நேரம் நிக்குதெண்டு பாக்கணும்."

"அப்ப இருந்துதான் பாக்கணும்" என்று பாறூக் சிரித்தார்.

இருந்தோம். ஒரு மணித்தியாலம் போனது. பால் விடாத பிளேன்ரீ வந்தது. லுகர் என்ற மத்தியானத் தொழுகைக்குப் போய் வந்த பாறூக், பற்றரி இன்னும் நிற்பதைக் கண்டு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவருடைய மனைவி ஸகியா சோறும் கணவாய்க் கறியும் போட்டுக் கொடுத்துவிட்டு, கண்ணகையின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் எத்தனை, சுனாமியில் வீடு போனதா என்று விசாரித்தார். அந்த வீட்டிலும் சுனாமி ஒருவரை எடுத்திருந்தது. இரண்டு பெண்களும் சத்தம் குறைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பாறூக்கும் கறியைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கும் கணவாய் சமைத்தால் அந்த மத்தியானம் எனக்கு நினைவில் வந்துவிடும்.

வயரைக் கழட்டி இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் லெப்டொப் அணைந்தது.

"உண்மையச் சொல்றன் தங்கச்சி" என்றார் பாறூக். "வெள்ளிய வித்தா எனக்கு லாபம் கூட. ஆனா மூணுலயும் ஓடுறது இதுதான். அரபு எழுத்தெண்டு ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல. முப்பதுக்குத் தாறன்."

கறுப்பை வாங்கினோம். மிச்சக் காசில் பழைய கமரா ஒன்றும் எடுத்தோம், பட்டியலில் படமும் வேண்டும் என்று முகாமில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பற்றரி திரும்ப ஏறுவதற்கு வயரைக் கொழுவி வைத்துவிட்டு, பாறூக் பற்றுச்சீட்டு எழுதி முத்திரை குத்தித் தந்தார். "அடிச்சுப் பாத்ததெல்லாம் அழிச்சிட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

"ஏன் அழிக்கணும்? அடுத்த மாச வேலையில பாதி முடிஞ்சுபோச்சே" என்றாள் கண்ணகை.

அந்தப் பாதி வேலைதான் எங்களை மாட்டிவிட்டது.

திரும்பும் வழியில் இருந்த சோதனைச் சாவடியில் லெப்டொப்பைத் திறக்கச் சொன்னார்கள். அதற்குள் இருந்தது ஒரே ஒரு கோப்பு. பெயர் இல்லாமல், தலைப்பு இல்லாமல் அறுபத்தொரு வரி இலக்கங்கள். கட்டைகளில் அரபு எழுத்து. கொண்டுவந்தவர்கள் தமிழ் ஆட்கள். சிப்பாய் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அதிகாரியைக் கூப்பிட்டான்.

"மே மொனவாத?" இது என்ன என்று அவர் கேட்டார்.

கண்ணகைதான் பேசினாள். அரைச் சிங்களத்திலும் அரை ஆங்கிலத்திலும் மீனவர் பட்டியல் என்றாள். பெயர் எங்கே என்றார் அவர். பெயர் எனக்குத் தெரியும் என்றாள். அவர் நம்பவில்லை. என் அடையாள அட்டையை வாங்கி, "இவர் எங்கே?" என்றார். பதினாலாவது வரியைக் காட்டினாள். இருந்தது. அவர் கண்டபடி ஒரு வரியில் விரல் வைத்தார். அவள் பெயர் சொன்னாள். இன்னொன்று. பெயர் சொன்னாள். கடைசியில் எங்கள் ஊர் முகாமுக்குத் தொலைபேசி எடுத்து, போன மாதப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னார்.

நாங்கள் மணல் மூட்டையடியில் நின்றோம். இலக்கங்களை அவர் சிங்களத்தில் வாசிக்க வாசிக்க, கண்ணகை உதட்டுக்குள் கூடவே சொன்னாள். நாற்பது தாண்டி ஓரிடத்தில் அவர் நிறுத்தினார். பொருந்தவில்லை.

"இராசதுரை அண்ணர்ட" என்று கண்ணகை எனக்குச் சொன்னாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, "போன மாசம் பிழை. இதுதான் சரி. பழைய மிசினில எட்டு விழயில்ல. அதுக்குத்தான் இத வாங்கினம்" என்றாள். இதை இரண்டு மொழியில், விரலால் மேசையைத் தட்டிக் காட்டிச் சொன்னாள்.

அதிகாரி அதைத் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் இருந்தவனுக்கு, மத்தியானம் வரை வெயிலில் இருந்த மனுசனை நினைவிருந்தது போல. அங்கே சிரித்த சத்தம் எங்களுக்கும் கேட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் மூடியை மெதுவாக மூடி, இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"நங்கி, பெயரையும் போட்டுக்கொண்டு போ" என்றார், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்திலும் மிச்சத்தைத் தமிழிலும்.

வீட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவுடன் அவள் லெப்டொப்பைத் திறந்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் பெயரை அடிக்கத் தொடங்கினாள்.

அதன் பிறகு இரண்டு வருடம் ஒரு பட்டியலும் திரும்பி வரவில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை படம் எடுக்கும் நாள் வரும். ஒழுகும் சங்கக் கட்டடத்தின் சுவரில் நீலத் தார்ப்பாய்ப் படங்கு கட்டி, முன்னால் கதிரை வைப்பாள். வாழ்நாளில் படமே எடுக்காதவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, பிள்ளையின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். "முகாமுக்குத்தான் படம், பொம்புள பாக்கவா?" என்று வெளியில் நிற்பவர்கள் கத்துவார்கள். வெளியே என்ன நடந்துகொண்டிருந்தாலும் அந்தப் பின்னேரத்தில் ஊர் சிரித்தது. அந்தக் காலம் திரும்பி வரக் கூடாது. ஆனாலும் அந்தப் பின்னேரங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சண்டை முடிந்து பாஸ் இல்லாமல் போனது. லெப்டொப்புக்கு வேலை குறைந்தது. இரண்டாயிரத்துப் பத்தில் இராசதுரை அண்ணர் நெஞ்சுவலியில் இறந்தார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து அவருடைய மனைவி சின்னத்தங்கம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். "சுனாமியில எல்லாப் படமும் போயிட்டு கா. உன்ட பெட்டியில அந்த மனுசன்ட முகம் ஏதும் கிடக்கா?" என்று கேட்டார்.

நான்கு படங்கள் இருந்தன. கண்ணகை அதில் ஒன்றைத் தெரிவு செய்து, களுவாஞ்சிகுடி கொமினிகேஷன் கடையில் பெரிதாக அடித்துச் சட்டமும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைக் கேள்விப்பட்டு வேறு வீட்டாரும் வந்தார்கள். இதுவரை பதினொரு வீட்டில் அந்த நீலப் படங்குப் படம்தான் சுவரில் மாட்டியிருக்கிறது.

கறுப்பு லெப்டொப் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வரை ஓடியது. அது நிற்கப்போகிறது என்று தெரிந்தவுடன் படங்களையெல்லாம் சீடியில் எடுத்து, இரண்டு பிரதி செய்து, ஒன்றைச் சங்கத்தில் கொடுத்தாள். மற்றது எங்கள் அலுமாரியில். எப்போதாவது மழை நாளில் அதை மகளின் கொம்பியூட்டரில் போட்டு ஒவ்வொரு முகமாகத் தள்ளிப் பார்ப்பாள். நானும் பக்கத்தில் போய் இருப்பேன்.

"இவர் சீப்பால தலை இழுக்காம வந்து நிண்டார், நாலு தரம் திருப்பி அனுப்பினன்" என்பாள். அடுத்த முகம் வரும்.