வேலியைப் பார்த்த ஜன்னல்

இந்த நாட்டு மக்கள் கோடை வந்தால் வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த வீட்டுக்குக் கரவான் என்று பெயர். தகரச் சுவர், ஒரு கதவு, ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், உள்ளே அடுப்பும் படுக்கையும் இருக்கும். கடலோர மேட்டில் அவற்றை நிறுத்த இடம் காட்டுவதுதான் என் வேலை. வந்து இறங்குகிறவர் தண்ணீர் எங்கே, நிழல் எங்கே என்று கேட்பார் என நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்களோ இடுப்பில் கைவைத்து நின்று, இங்கிருந்து என்ன தெரியும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குழாய் தொலைவில் இருக்கட்டும், காற்று கூரையை உலுக்கட்டும், கடல் தெரிந்தால் அந்த இடம் நல்ல இடம்.

நான் நெரவிக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சைகோனில் ஒரு பிரெஞ்சு அதிகாரிக்குச் சமையல்காரனாக இருந்தேன். அங்கே சண்டை முடிந்து அவர் தன் நாடு திரும்பியபோது நானும் கூட வந்தேன். அவர் இந்த மேட்டை வாங்கிக் கரவான்களுக்கு வாடகைக்கு விடுகிறார். என் பிரெஞ்சு அடுப்பங்கரையில் கற்றது. அதிகம் பேசினால் தப்பு வரும் என்று தலையாட்டிக்கொண்டே காலம் தள்ளுகிறேன்.

வந்த முதல் கோடையில் ஒரு தம்பதி இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தார்கள். இருப்பதிலேயே நல்ல இடத்தை அவர்களுக்குக் கொடுத்தேன். குழாய் பத்தடி தூரம், பைன் மரத்து நிழல், ஒரு பக்கம் உயரமான செடிவேலி. ஜன்னலை வேலியை ஒட்டி வரும்படி நிறுத்தச் செய்தேன். பெண்கள் இருக்கிற வண்டியை நம் ஊரில் அப்படித்தானே நிறுத்துவோம்! மறுநாள் காலை அந்த மதாம் என்னைக் கையோடு அழைத்துப் போய் வேலியைக் காட்டினாள். அவளுக்கு இன்னும் மறைவு போதவில்லை போலும் என்று எண்ணி, "யாரும் உங்களைப் பார்க்க முடியாது, மதாம்" என்று உறுதி சொன்னேன்.

அவள் ஜன்னலைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, "நான் பார்க்க வேண்டாமா?" என்றாள்.

அவள் கணவரும் நானும் கரவானைத் தள்ளித் திருப்பினோம். ஜன்னல் நிறையக் கடல் வந்தது. அவள் உள்ளே போய்க் கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து நின்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இன்றைக்குப் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மாசிமகம். திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எங்கள் கூண்டு வண்டியை நான்தான் ஓட்டிப் போனேன். என் மனைவி அஞ்சலைக்கு அப்போது எட்டு மாதம். அவள் பிறந்தது கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற அம்பகரத்தூர். வாழ்க்கைப்பட்டு நெரவிக்கு வந்தும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. காற்றுக் கருப்பு படும் என்று அம்மா அவளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தீர்த்தமாடப் போய்விட்டாள். நான் வண்டியைச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால், திறந்த பக்கம் மரங்களைப் பார்க்க நிறுத்தியிருந்தேன். மணல் அடிக்காது, ஆண்கள் பார்வையும் படாது.

உள்ளேயிருந்து அவள் மெதுவாகக் கூப்பிட்டாள். "ஏங்க, சத்தம் மட்டுந்தான் கேக்குது. வண்டியக் கொஞ்சம் தோப்புக்கு அந்தாண்ட கொண்டுபோய்த் திருப்பிப் போடுங்களேன்."

பக்கத்தில் எங்கள் தெரு ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் காதில் அது விழுந்துவிட்டது. "என்னப்பா, பொண்டாட்டி சொன்னா கடலயே இந்தப் பக்கம் திருப்பி வச்சிருவ போலருக்கே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடேறியது. அவள் பக்கம் திரும்பாமலே, "கடல் எங்கயும் ஓடிப்போயிடாது. வர்ற வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாற்பதடி தள்ளிப் போய் நுகத்தடியைத் தூக்கி அரைவட்டம் திருப்பினால் முடிந்திருக்கும். இரண்டு ஆள் வேலை. அடுத்த மாசிக்கு நான் சைகோனில் இருந்தேன். மகள் கைக்குழந்தை.

இந்த மேட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் கடலைப் பார்க்கிறேன். ஆனால் அஞ்சலைக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம், இங்கே பார்க்க ஒன்றுமில்லை, வேலியும் குழாயும்தான் என்று எழுதினேன். அவள் மனம் நோகக்கூடாது என்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு அந்த வண்டி ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயம்தான் நிஜம். மகள் எழுதப் படித்த பிறகு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். தெருவில் எல்லாரும் மாசிமகத்துக்குப் போகிறார்களாம். அம்மா மட்டும், "உங்கப்பா வந்து காட்டுவாரு" என்று சொல்லி வருவதில்லையாம்.

போன வருடக் கோடை முடிந்ததும் அதிகாரி ஒரு பழைய கரவானை எனக்கே கொடுத்துவிட்டார். மேடு முழுக்கக் காலி, பிடித்த இடத்தில் போட்டுக்கொள் என்றார். அன்று முழுவதும் மேட்டைச் சுற்றினேன். அந்த ஜன்னலைக் கடல் பக்கம் வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கரவானைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு அஞ்சலைக்கு உண்மையை எழுதினேன். இங்கேயும் கடல் இருக்கிறது. அன்றைக்கு வண்டியைத் திருப்பாதது என் தப்பு. நான் எப்போது வருவேன் என்று தெரியவில்லை. எனக்காகக் காத்திருக்காதே. இந்த மாசிக்கு உன் தம்பியை வண்டி கட்டச் சொல், கடலைப் பார்த்து நிறுத்தச் சொல்.

பங்குனியில் மகள் எழுதிய பதில் வந்தது. எழுத்துகள் குண்டுகுண்டாக இருந்தன.

"அப்பாவுக்கு, நாங்க மாசிமகத்துக்குப் போனோம். மாமா வண்டிய கடலப் பாத்து நிறுத்துச்சு. அம்மா ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் அப்பா இருக்குறது இதுல எந்தப் பக்கம்னு மாமாவக் கேட்டுச்சு. இந்தப் பக்கம் இல்லக்கா, அத்தான் இப்ப இருக்குறது மேற்கால, நமக்குப் பின்னாடின்னு மாமா சொல்லுச்சு. அப்படின்னா வண்டியத் திருப்புடான்னு அம்மா சொல்லிருச்சு."

என் கரவான் இன்னும் குழாயடியில்தான், ஜன்னல் வேலியைப் பார்க்க நிற்கிறது. புதிதாக வருகிற கோடைக்காரர்கள் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள், யாரோ மாற்றித் தள்ளிவிட்டார்கள் என்று. இங்கே கடல் மேற்கில். வேலி இருப்பது கிழக்கில், நம் ஊர்ப் பக்கம். காலையில் ஜன்னலைத் திறந்தால், கடல் எனக்குப் பின்னால் இரைந்துகொண்டிருக்க, வேலிக்கு மேலே சூரியன் வருகிறது.