சோமாதியின் விடுமுறைக்காக ஒரு ஜெபம்

அடுத்தவர்களின் உழைப்பை நம் கையாலேயே தொலைத்துவிட்டால், எந்த முகத்தோடு ஆண்டவரிடம் போய் நிற்பது? 2005-ஆம் ஆண்டு துர்கா பூஜைக்கு முந்தைய நாட்களில் எனக்குள் இந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. பதில் கிடைக்கவில்லை. ஜெபிப்பதையே நிறுத்திவிட்டேன். அப்படி நிறுத்திய என்னையும் அவர் கைவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அப்பாவுக்குக் கொல்கத்தா துறைமுகத்தில் கலாசி வேலை, சுமை இழுக்கும் கூலி. அந்த ஊரிலேயே பெஹாலாவில் இருக்கிறோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்து, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் சபையில் பேங்க் ஆபீசர்கள், ரயில்வே ஆபீசர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்கள் நடுவில் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஆராதனைக்குப் போயிருக்கிறேன். ஆபீசிலிருந்து நேராக வருவதாகச் சொல்லிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது.

எங்கள் கம்பெனி, பழைய நூலகங்களின் அட்டைகளை ஸ்கேன் செய்து, விவரங்களை டைப் செய்து கொடுக்கும். டைப் செய்ய ஒரு பெரிய அறை நிறையப் பெண்கள். அவர்கள் முடிப்பதெல்லாம் சர்வருக்குப் போகும். சர்வருக்குள் அதிக இடமில்லை. அதனால் நெட்வொர்க்கில் இன்னொரு பெட்டியை இணைத்திருந்தோம். எல்லாம் அதில்தான் சேரும். அதை ஸ்டோரேஜ் என்போம். இரண்டையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

டைப் செய்பவர்களுக்குத் தலைமை சோமாதி. அக்கா என்பதற்கு ‘தி’, அண்ணன் என்பதற்கு ‘தா’ என்று வங்காளிகள் பெயரோடு சேர்ப்பார்கள். சோமாதி பேயிங் கெஸ்டாகத் தங்கியிருந்தார். கணவர் இல்லை. ஆறு வயது மகள் மிஷ்டி தூரத்தில் புருலியா என்ற ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்தாள். மகளோடு சோமாதி முழுதாகச் சில நாட்கள் இருப்பது துர்கா பூஜை விடுமுறையில் மட்டுமே. அந்த வருடம் பூஜைக்குள் வேலையை முடித்துக் கொடுத்தால்தான் விடுமுறை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பெண்கள் டிபன் நேரத்தைக்கூடச் சுருக்கிக்கொண்டு டைப் செய்தார்கள்.

செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. கொல்கத்தாவில் அன்று இயந்திரங்களுக்கு ஓய்வு. எங்கள் ஆபீசிலும் எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பூப்போட்டு வைப்பார்கள். கீழே அரிசியும் பருப்பும் சேர்த்துக் கிச்சுடி சமைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பூஜையில் நான் கலந்துகொள்வதில்லை. அதற்காக யாரும் என்னை வற்புறுத்தியதும் இல்லை. விலகி நின்றதை நான் தப்பென்று நினைக்கவில்லை. ஆனால் இவர்களைவிட நான் ஒரு படி மேல் என்று எண்ணிக்கொண்டே சர்வர் ரூமில் நின்றேன் பாருங்கள், அது தப்பு.

“கிரேஸ், கீழ வா. சாப்பாட்டுக்கு என்ன மதம்?” என்று சோமாதி படியேறி வந்து கூப்பிட்டார்.

“எனக்கு வேலை இருக்கு” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

மாலையில் இயந்திரங்களை மறுபடி போடச் சொன்னார்கள். கீழே பாட்டும் சிரிப்புமாக இருந்தது. அந்தச் சத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேற வேண்டும் என்ற எரிச்சலில் சுவிட்சுகளைப் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. பெண்கள் முடித்ததை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அனுப்பியதை மறுபடி திறந்து பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. ஒரு புதன்கிழமை மதியம் எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே செய்தி. டிஸ்க்கில் எழுத முடியவில்லை.

கேபிளை மாற்றினேன். அனுமதிகளைச் சரிபார்த்தேன். இடம் இருக்கிறதா என்று ஸ்டோரேஜில் பார்த்தேன், பாதிக்குமேல் காலியாக இருந்தது. கடைசியில் ஸ்டோரேஜை அணைத்துப் போட்டு, அது தயாரானதும் சர்வரையும் அணைத்துப் போட்டேன். பிழை போய்விட்டது. பெண்கள் கைதட்டினார்கள். “எங்க இன்ஜினியர் மேடம்” என்று சோமாதி என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை சோமாதி சர்வர் ரூம் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“விஸ்வகர்மா பூஜைக்கு அப்புறம் நேத்து மதியம் வரைக்கும் செஞ்சது ஒண்ணுகூட இல்லையே, கிரேஸ்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். பூஜை நாளோடு எல்லாம் நின்று, நேற்று பிழை சரியான பிறகு அனுப்பியது மட்டும் இருந்தது. தினமும் தானாக எடுக்கப்படும் நகலைத் திறந்தேன். அதுவும் ஸ்டோரேஜைப் பார்த்து எடுத்த நகல்தான், அதிலும் அதே நாட்கள் இல்லை. ஸ்டோரேஜை விற்றவர்களின் ஆள் வந்து பார்த்தார். உள்ளே டிஸ்க் கெட்டு எழுதியது அழிந்திருக்கலாம், மறுபடி டைப் செய்வதுதான் வழி என்றார்.

மேனேஜர் சுபீர்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெண்களைக் கூப்பிட்டு, பூஜை விடுமுறை ரத்து, போனதையெல்லாம் மறுபடி டைப் செய்ய வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஒருத்தி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

சோமாதி வெளியே போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து புருலியாவுக்குப் பேசிவிட்டு வந்தார். “மிஷ்டிகிட்ட இந்த பூஜைக்கு வரலன்னு சொல்லிட்டேன்” என்றார்.

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. போனை வச்சிட்டு எங்கயோ போயிட்டா. எங்க அம்மா தேடிக்கிட்டு இருக்காங்க.” அவர் அட்டைக் கட்டைப் பிரித்து டைப் செய்யத் தொடங்கினார்.

எங்கே, எப்படித் தவறினேன் என்று தெரியவில்லை. அந்தப் பெட்டிகளை அணைப்பதும் போடுவதும் நான் மட்டும்தான், அதனால் என் கையால்தான் நடந்தது என்பது மட்டும் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது ஜெபிக்க வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. நோய் என்றால் கேட்கலாம். நானே செய்து வைத்ததற்கு என்னவென்று கேட்பது?

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் குடும்ப ஜெபம். அம்மாவின் ஜெபம் எப்போதும் நீளம். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். எந்த பஸ், எந்தக் கடை, மீன்காரன் என்ன சொன்னான் என்பது உட்பட. சபையில் அவள் எழுந்து ஜெபிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆபீசர் வீட்டம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். ‘சுருக்கமா ஜெபம் பண்ணும்மா’ என்று சொல்லியும் இருக்கிறேன். இன்று நினைத்தால் நெஞ்சு சுடுகிறது.

என் முறை வந்தது. நான் பேசவில்லை.

“என்னட்டி, வாயில கொழுக்கட்டையா?” என்றாள் அம்மா.

“எனக்கு ஜெபம் வரலம்மா.”

“ரெண்டு நாளா சோறும் எறங்கல, பேச்சும் இல்ல. ஆபீஸ்ல என்னதான் நடந்துச்சு?”

“சொன்னா ஒனக்குப் புரியாது.”

“சரி, எனக்குப் புரியாண்டாம். அவருக்குப் புரியும்லா? அவருகிட்ட சொல்லு. நா காதப் பொத்திக்கிடுதேன்.” சொன்னபடியே சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, “நீங்களும் பொத்துங்க” என்றாள். அப்பாவும் பொத்திக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்கால் போட்டேன். எனக்காக எதையும் கேட்க முடியவில்லை. “ஆண்டவரே, சோமாதியை மிஷ்டியிடம் அனுப்பும்” என்று தொடங்கி, அம்மா சொல்வதைப் போலவே ஒவ்வொன்றாகச் சொன்னேன். சோமாதி சாப்பிடக் கூப்பிட்டது. நான் முகம் கொடுக்காதது. என் மனதில் இருந்த மேட்டிமை. கீழே கேட்ட பாட்டு. எரிச்சலோடு சர்வர் சுவிட்சையும் ஸ்டோரேஜ் சுவிட்சையும் ஒன்றாகப் போட்டது.

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது.

ஒன்றாகப் போடவே கூடாது. ஸ்டோரேஜ் தயாராக நேரம் எடுக்கும். அதன் விளக்குகள் நிலைத்த பிறகுதான் சர்வரைப் போடுவேன். சர்வர் எழுந்ததும் ஸ்டோரேஜைத் தேடிப்பிடித்து, தன்னிடமுள்ள ஒரு காலி ஃபோல்டரின்மேல் அதைப் பொருத்திக்கொள்ளும். அன்று சர்வர் தேடிய நேரத்தில் ஸ்டோரேஜ் தயாராக இருந்திருக்காது. அப்படியானால் பெண்கள் அனுப்பியதெல்லாம் எங்கே போயிருக்கும்? சர்வருக்குள்ளேயே, அந்தக் காலி ஃபோல்டரில். அந்தச் சின்ன டிஸ்க் நிரம்பியதால்தான் எழுத முடியவில்லை என்ற செய்தி. நான் சரியான வரிசையில் போட்டதும் ஸ்டோரேஜ் வந்து அந்த ஃபோல்டரின்மேல் உட்கார்ந்துவிட்டது. தரையில் சாமான்களை வைத்து, அதன்மேல் பாயை விரித்த கதை. சாமான் போகவில்லை, பாய்தான் மறைக்கிறது.

ஆமென் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. அம்மாவின் கையைக் காதிலிருந்து பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குப் போகாமல் ஆபீசுக்கு ஓடினேன். விடுமுறை ரத்தானதால் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சுபீர்தாவிடம் சொல்லிவிட்டு, சர்வரிலிருந்து ஸ்டோரேஜைக் கழற்றினேன். ஃபோல்டரைத் திறந்தேன்.

எல்லாம் இருந்தது. விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் தொடங்கி வரிசையாக. டிஸ்க் நிரம்பிய அந்தப் புதன்கிழமை அனுப்பியவை மட்டும் பாதியில் அறுந்து, திறக்க முடியாமல் இருந்தன.

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். எப்படி நடந்தது என்று விளக்கும்போதே யாரால் நடந்தது என்பதும் அவர்களுக்கு விளங்கிவிட்டது. சோமாதிதான் முதலில் பேசினார்.

“அதான் அன்னிக்கே கூப்பிட்டேன். கிச்சுடி சாப்பிட்டுட்டு மெதுவா வந்து போட்டிருந்தா அந்தப் பெட்டியும் நிதானமா எழுந்திருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் சொன்னது உண்மை.

அறுந்துபோன புதன்கிழமைப் பங்கை மறுபடி டைப் செய்ய வேண்டியிருந்தது. சோமாதியின் அட்டைகளை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு வேகமாக டைப் செய்ய வராது. “இந்த வேகத்துல துர்கா பூஜை போய் காளி பூஜையே வந்துரும்” என்று பெண்கள் கேலி செய்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டார்கள். துர்கா பூஜை தொடங்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் விடுமுறை கிடைத்தது. சோமாதி புருலியா போனார்.

கிளம்புமுன் அவர் மிஷ்டிக்கு மறுபடி போன் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அம்மா வருகிறேன் என்று எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. “பொய் சொல்ற” என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. கோப்புகள் திரும்பக் கிடைத்துவிட்டன. அம்மா வரமாட்டாள் என்று அந்தக் குழந்தை அழுத நாட்களை என்னால் திருப்பித்தர முடியாது. ஆண்டவர் மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். ஆனாலும் அந்தக் குரல் நினைவுக்கு வரும்போதெல்லாம் தலை தாழ்ந்துவிடுகிறது. அதை எடுத்துப்போடும் என்று நான் கேட்கவில்லை. அது இருப்பது எனக்கு நல்லது.

ஆண்டவர் எனக்கு அதிசயமாக ஒன்றையும் செய்து காட்டவில்லை. என் வாயாலேயே என் தவறைச் சொல்லவைத்து, அதிலேயே வழியையும் வைத்திருந்தார். அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம். இப்போது மதிய உணவுக்குப் பெண்களோடுதான் உட்காருகிறேன். சபையில் அம்மா எழுந்து ஜெபிக்கும்போது பக்கத்தில் நின்று, அவள் முடிக்கும்வரை ஆமென் சொல்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது தாங்களே தேடிக்கொண்ட கஷ்டத்தில் இருக்கலாம். அப்போது ஜெபிக்க வெட்கமாக இருக்கும். எனக்குத் தெரியும். நாம் சுத்தமாகி அதன்பிறகு அவரிடம் போகலாம் என்று காத்திருந்தால், நம்மால் இன்னொருவர் அழுதுகொண்டிருப்பார். காத்திருக்காதீர்கள். இருக்கிறபடியே போய், நடந்தது நடந்தபடி அவரிடம் சொல்லுங்கள். நமக்காக இல்லாவிட்டாலும், நம்மால் கஷ்டப்படுகிறவருக்காகக் கேட்கலாம். அப்படிக் கேட்ட என்னை அவர் தள்ளவில்லை.