அயர்லாந்துக் கடலும் ஒரு சோற்றுப் பொதியும்

எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது நான் பேனா எடுத்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தும் பழக்கமில்லை. ஆனால் பாரிசின் லா சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு வருகிறவர்கள், நான் அயர்லாந்துக்குப் போய்வந்ததை அறிந்து, "அங்கை வடிவோ?" என்று கேட்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயை நிறுத்துக் கொடுக்கிறேன். அவர்களிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் தம்பி வன்னியில் இருந்தான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான்கு வருடமாக நான் விசாரிக்காத ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா, நான் போன் எடுத்தால் முதலில் கேட்பது அதைத்தான். ஒருநாள் கடைக்கு வந்த ஒருவர், அயர்லாந்தில் சமையல் வேலை செய்யும் தன் உறவினர் ஒருவர் கடைசிவரை என் தம்பியோடு நின்றவர் என்று சொல்லி நம்பர் தந்தார். அன்றே எடுத்தேன்.

"போனில கதைக்கேலாது அக்கா. ஒருக்கா வாங்கோ," என்றார் அவர்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கினேன். அவரே காரோடு வந்து கூட்டிப்போனார். என் தம்பியின் வயதுதான் இருக்கும். வழியில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், பாரிசில் வாடகை எவ்வளவு என்று கேட்டார். நல்ல சேதி என்றால் கார்க் கதவைத் திறக்கும்போதே சொல்லியிருப்பார் என்று எனக்குள் ஒன்று சொன்னது. நான் அதைக் கேட்காத மாதிரி இருந்தேன்.

வீட்டில் அவர் மனைவி இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார்.

"முதல் சாப்பிடுங்கோ அக்கா. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்," என்றார் அவர்.

எங்கள் ஆட்களின் வழக்கம் எனக்குத் தெரியாதா? துக்கச் சேதியை வெறும் வயிற்றில் இருப்பவருக்குச் சொல்லமாட்டோம். தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எனக்கு இண்டைக்கு விரதம் தம்பி," என்றேன். பொய். அந்தப் பொய்யால் பேச்சை உடனே எடுப்பார் என்று நினைத்தேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். "அப்ப பின்னேரம் விரதம் முடிய ஆறுதலாக் கதைப்பம். அதுவரைக்கும் கடற்கரைப் பக்கம் ஒருக்காச் சுத்திக் காட்டிறன்."

"ஆர் வந்தாலும் இவருக்குக் கடலைக் காட்டவேணும். ஏதோ தான் வெட்டின கடல் மாதிரி," என்றார் மனைவி. என் கையில் ஒரு பையைத் தந்தார். உள்ளே சோற்றுப் பொதி. "விரதம் முடிய வழியில சாப்பிடுங்கோ."

அந்தப் பாதை வடிவுதான். ஒரு பக்கம் கல் அடுக்கிய மதில்கள், மஞ்சள் பூப் பற்றைகள். மறுபக்கம் மலை அறுந்து விழுந்த மாதிரி நின்றது, கீழே கடல். ஊரைப் போல் இடப்பக்கத்தால் வாகனம் ஓடியது. எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். அவரும் தூக்கினார்.

அவர் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி என்னைப் படம் எடுத்தார். "கொஞ்சம் சிரியுங்கோ அக்கா." அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பாதையின் குறுக்கே செம்மறியாடுகள் வந்தன. முதுகில் நீலச் சாயம் பூசியிருந்தது.

"ஏன் தம்பி நீலம்?"

"துலைஞ்சு போனா ஆரின்ர ஆடெண்டு கண்டுபிடிக்க," என்றார்.

கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் வாயைத் திறந்து மூடினேன். நான் சாப்பிடாதவரை அவர் சொல்லப்போவதில்லை. அவர் சொல்லாதவரை தம்பி எங்கேயோ இருக்கிறான். அந்தப் பசியைப் பிடித்துக்கொண்டு இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் என்ன என்றுகூட நினைத்தேன். பின்னேரம் ஆறு மணிக்கும் வெயில் உச்சியில் நின்ற மாதிரியே இருந்தது. பாதை ஒரு சின்னத் துறையில் முடிந்தது. அங்கால் கடல்தான். அவர் எஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை.

அவரையும் நான் இன்னும் எவ்வளவு நேரம் ஓடவைப்பது?

"எனக்கு விரதமில்லை தம்பி. பொய் சொன்னனான்."

"தெரியும் அக்கா."

பொதியைப் பிரித்தேன். பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். முதல் பிடி உள்ளே போகவில்லை; தண்ணீர் குடித்து இறக்கினேன். அவர் கடலைப் பார்த்தபடி இருந்தார். பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு சொன்னார்.

"அண்டைக்குக் கஞ்சி குடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு உங்கட தம்பி வரிசைக்குப் போனவர். ரெண்டு பேருக்கும் வாங்கியாறன் எண்டு என்ர கோப்பையையும் கொண்டு போனவர். அந்த வரிசையில செல் விழுந்து வெடிச்சது. நான்தான் மண் போட்டனான் அக்கா. ரெண்டு நாளாச் சாப்பிடாமல் போனவர். அதை உங்களுக்கு வெறும் வயித்தோட எப்பிடிச் சொல்ல?"

கையில் ஒரு பிடி சோறு இருந்தது. அதை வைக்கவும் தெரியவில்லை, உண்ணவும் தெரியவில்லை. அவர் அழுதார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிடியையும் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் பாரிசுக்கு வந்து சேர்ந்தேன். ஊரில் அப்போது பின்னேரம். அம்மாவுக்குப் போன் எடுத்து, அவர் கேட்கும் முன்னரே, சாப்பிட்டீங்களோ என்று கேட்டேன். இரவுக்கு இனித்தான் புட்டு அவிக்க வேண்டும் என்றார். அவித்துச் சாப்பிடுங்கோ, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, கடைக்குப் போனேன்.