காய்ந்த பூவரசு

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான சுருவிலில், எங்கள் அயலில் மீன் புகைத்து விற்ற அக்கா, பூவரசம் விறகுதான் எரிப்பார். வேப்பம்புகையில் மீன் கசக்குமாம். மாரியில் விறகைக் கட்டிலில் அடுக்கிவிட்டு, மகளோடு நிலத்தில் படுப்பார்.

கடலுக்குப் போக இராணுவம் தடை போட்ட மாரியில், அவர்களின் காவலரணிலிருந்து இரண்டு சிப்பாய்கள் விறகு கேட்டு வந்தார்கள். ஈரமானதை விலக்கி, காய்ந்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“தொழிலைக் கெடுத்தவங்களுக்கு ஏன் அக்கா நல்லதாப் பாத்துக் குடுத்தனீங்கள்?”

“ஈரத்தைக் குடுத்தால் மாத்தித் தரச் சொல்லித் திரும்பவும் வருவாங்கள், தம்பி. வீட்டில குமர்ப்பிள்ளை இருக்கு.”

மறுநாளும் அவர்கள் வந்தார்கள். விறகு கேட்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அக்கா செம்பை எடுத்தார்.