சரி எண்டு சொன்ன கொம்பைலர்

மயிலிட்டியாலை இடம்பெயர்ந்து இணுவிலிலை ஒரு அறைக்குள்ளை குடும்பமாக் கிடந்த காலம். கடலுக்குப் போக வழியில்லாத அப்பா ஒருத்தரோடையும் கதைக்கிறதில்லை. கம்பஸிலை என்ரை தற்காலிக வேலை நிரந்தரமானால்தான் எங்களுக்குச் சோறு. அதுக்கு நாங்கள் செய்த கொம்பைலர் தேறவேணும். நாங்கள் எழுதுற புரோகிராமைக் கொம்பியூட்டருக்கு விளங்கிற மாதிரி மாத்திக் குடுக்கிறதுதான் கொம்பைலர். தசமப் புள்ளிக்குப் பிறகு முப்பது இலக்கம் வரைக்கும் பிசகாமல் கணக்குப் பாக்கிற வசதியை அதிலை சேர்த்திருந்தம்.

கரண்ட் எங்கை கிடந்தது? ஜெனரேற்றர்தான், அதுவும் மண்ணெண்ணெயிலை. அதாலை எல்லாத்தையும் முதல் கடுதாசியிலை எழுதி, விரல் வைச்சு வரி வரியாப் பாத்துப்போட்டுத்தான் மெசினைப் போடுவம். இலக்கங்களைக் காட்டுற பகுதியையும் சேர்த்தால் நேரம் இழுக்கும் எண்டு, சரியோ பிழையோ எண்டு மட்டும் சொல்ல வைப்பம். சிக்கனமாம்.

ஒண்டை மூண்டாலை பிரிச்சு, புள்ளிக்குப் பிறகு முப்பது மூண்டு போட்டு நாங்கள் எழுதின விடையோடை ஒப்பிட்டம். திரையிலை "சரி" எண்டு வந்தது. எங்கடை துறைத் தலைவருக்கு, நாங்கள் சேர் எண்டு கூப்பிடுறவருக்கு, வாயெல்லாம் பல்.

"சேர், அந்த விடையை வாசிச்சதும் இதே கொம்பைலர்தானே," எண்டன். "ரெண்டையும் பதினாறு இலக்கத்தோடை வெட்டியிருந்தாலும் சரி எண்டுதான் சொல்லும். இலக்கங்களை ஒருக்காப் பாப்பம். அரை மணித்தியாலம் காணும்."

"அதை விடும், பிள்ளை. மண்ணெண்ணெய் இல்லை."

அண்டு பின்னேரம் சேர் வீட்டிலை மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோ போட்டவை. எங்கடை ஜெனரேற்றர் அங்கை முத்தத்திலை நிண்டு இரைஞ்சது. எங்களையும் கூப்பிட்டிருந்தவை. பலகாரம் தந்தவை, வாங்கித் திண்டன்.

அடுத்தநாள் கொம்பைலரைச் சோதிக்கக் கிளாலிக் கடலாலை வள்ளத்திலை கொழும்புப் பரிசோதகர் வந்தார். அந்த மனிசன் முதல் கேட்டதே இலக்கங்களைத்தான். அவருக்கெண்டால் மண்ணெண்ணெய் இருந்தது. திரையிலை பதினாறு மூண்டு வரிசையா வந்தது. பிறகு ஒண்டு, நாலு, எட்டு, ரெண்டு எண்டு கண்டபடி வந்தது.

"சோதிச்சது இவதான்," எண்டார் சேர், என்ரை பக்கம் திரும்பாமலே.

வேறை எங்கை வேலை கேட்டாலும் அவரின்ரை கையெழுத்து வேணுமே எண்டு நான் வாயை மூடிக்கொண்டு நிண்டன். கடைசியிலை கையெழுத்தும் இல்லை, வேலையும் இல்லை.

வீட்டை வந்து நடந்ததைச் சொன்னன். கன நாளைக்குப் பிறகு அப்பா வாய் திறந்தார்.

"நீ முதலே வடிவாப் பாத்திருக்கலாமே, பிள்ளை," எண்டார்.