உரிமையாளர் இடத்தில் சுமதியின் பெயர்

1999, ஆகஸ்ட், திங்கட்கிழமை. திருவொற்றியூரில் நாங்கள் பணிபுரிந்த கன்டெய்னர் யார்டிலிருந்து, சுங்கத்துறை வெளியே விடாமல் ஹோல்டில் வைத்திருந்த ஒரு பெட்டி சனிக்கிழமை வெளியேறியிருந்தது கண்டறியப்பட்டது. ஹோல்டில் உள்ள பெட்டிகளின் எண்கள் யூனிக்ஸ் சர்வரில் hold.lst என்ற கோப்பில் இருக்கும். கேட் கிளார்க் அதைப் பார்த்தே லாரியை விடுவார். இந்தப் பெட்டியின் எண் அதில் இல்லை. கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நாள்: சனி. உரிமையாளர்: sumathi.

சுமதி ஜூனில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தவர், கொருக்குப்பேட்டைக்காரர். அவர் வீட்டில் வேலைக்குச் செல்பவர் அவர் ஒருவரே. நான் சிஸ்டம்ஸ் பிரிவின் பொறுப்பாளன். மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

“ls -l அடிச்சுப் பாத்தாச்சு சார்,” என்றார் என்னிடம். “ பேரே போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மத்தியானத்துக்குள்ள வேலைய விட்டு அனுப்பிடலாம்.”

“நான் அந்த ஃபைல தொட்டதே இல்ல சார்,” என்றார் சுமதி. “எனக்கு இன்னா தெரியும், பில் அடிக்கறதோட சரி. எம் பேரு அங்க எப்டி குந்திகினு கீதுன்னே புரியல.”

இன்னொரு கட்டளை மட்டும் அடித்துப் பார்க்க மேலாளரிடம் அனுமதி கேட்டேன். யூனிக்ஸ் கோப்போடு உரிமையாளர் பெயரைச் சேமிப்பதில்லை, அவரது பயனர் எண்ணையே சேமிக்கிறது. பட்டியலைக் காட்டும்போதுதான் அந்த எண்ணுக்கு இன்று யார் பெயர் இருக்கிறதென்று தேடி அச்சிடுகிறது. ls -ln என்று கேட்டால் எண்ணை அப்படியே காட்டும். காட்டியது: 214.

அந்த எண்ணை நான் அறிவேன். எங்கள் பிரிவில் ஆபரேட்டராகச் சேர்ந்த செழியனுக்கு நான் கொடுத்த எண் அது. செழியன் என் மகன். மே மாதம் மஞ்சள் காமாலையில் இறந்தான். சர்வரில் அவன் கணக்கை நீக்குவது என் பணி, என்னால் இயலவில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தில் வரும் பொறியாளர் முறையாக நீக்கினார். கடைசியாக வழங்கப்பட்ட எண் அதுவென்பதால், அது காலியானதும் அடுத்துச் சேர்ந்த சுமதிக்கு சிஸ்டம் அதையே கொடுத்தது. செழியன் விட்டுச்சென்ற கோப்புகள் அனைத்தும் சுமதியின் பெயரில் நின்றன.

இதைச் சொன்னேன். மேலாளர் கேட்டார்.

“அப்போ இது உங்க பையன் ஃபைலா?”

“ஆமாம்.”

“சரி சார்… ஆனா சனிக்கிழமை மாத்தினது யாரு?”

வரியின் இடது ஓரத்தைக் காட்டினேன்: rw-rw-rw-. எவரும் எழுதலாம். பிறர் எழுதினாலும் உரிமையாளர் மாறுவதில்லை. ஆகவே அந்தப் பெயர் எழுதியவரைக் காட்டுவதே இல்லை.

“இப்படித் தொறந்து போட்டது யாரு சார்?”

“செழியன்தான். கப்பல் வந்த நாளில் லாரிகள் எண்ணூர் சாலை வரை நிற்கும். ஆபீஸுக்குக் காத்திராமல், ரிலீஸ் ஆன பெட்டியின் எண்ணை கேட் கிளார்க்கே நீக்கட்டும் என்று திறந்துவிட்டான்.”

கேட் கிளார்க் கன்னியப்பன் வரவழைக்கப்பட்டார். திரையைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“நாந்தான் சார். சனிக்கெழம ஒரு பொட்டிய தூக்க சொல்லோ, மேல் லைன்ல கர்சர் நின்னுச்சு போல, அதுவும் பூட்ச்சு. உங்க புள்ளதான் சார் சொல்லிக் குட்த்துச்சு. ‘நைனா, ரெண்டு தபா d தட்டு, லைன் காலி’ன்னு.”

“ஒரு d-க்கு ஒரு கன்டெய்னராய்யா?” என்றார் மேலாளர்.

“ரெண்டு d சார்.”

சுமதி அவர் பக்கம் திரும்பினார். “இன்னாண்ணா நீ! என் பொழப்பே பூட்டிருக்கும்.”

“எனக்கே இப்பதாம்மா தெரியும். மன்ச்சிக்கோ.” பிறகு என்னிடம், “புள்ள மேல பழி போட்ராதீங்க சார். நல்ல புள்ள,” என்றார்.

பெட்டி எண்ணூரிலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டது. கன்னியப்பனுக்கு எச்சரிக்கை தரப்பட்டது. சுமதி தம் இடத்துக்குச் சென்று பில் அடித்தார். அன்று மாலை அவருக்குப் புதிய எண் ஒன்றை வழங்கினேன். அதன்பின் செழியனின் கோப்புகளைப் பட்டியலிட்டால், உரிமையாளர் இடத்தில் 214 என்று மட்டும் வந்தது.

இத்துறைக்கு வரும் இளையோருக்கு: முதலில் எண்ணைப் பாருங்கள், பிறகு அனுமதியை. அடுத்து, கோப்பு இருக்கும் டைரக்டரியின் அனுமதியையும் பாருங்கள். அங்கே எழுத முடிந்தவர் கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்க முடியும். புரோகிராமில் கோப்பின் பெயரைக் கொண்டு சோதித்துவிட்டுப் பிறகு திறக்காதீர்கள். இடைப்பட்ட நேரத்தில் அப்பெயரில் இருப்பது மாறிவிடலாம். முதலில் திறந்து, திறந்த கோப்பையே சோதியுங்கள். ஒருவரைக் குற்றம் சொல்வதற்கு முன் இவ்வளவும் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

ஓய்வு பெற்றபோது நான் முடிக்காமல் விட்டவை:

கேட்டில் ஓடும் புரோகிராமை, திறந்தபின் சோதிக்கும் மேற்சொன்ன வரிசைக்கு மாற்றுவது. பாதியில் நிற்கிறது.

hold.lst இருக்கும் டைரக்டரியைக் கேட் பிரிவினரின் குழுவுக்கு மட்டும் திறந்து வைப்பது.

214-இன் கோப்புகளை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது. கட்டளையைப் பலமுறை அடித்தேன். என்டர் தட்டவில்லை.