பார்த்த பிறகு காசு

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தௌலத் பேகத்தின் ஜவுளிக்கடை இருக்கிறது. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதில் எழுதியிருக்கும் பெயரை யாரும் சொல்வதில்லை. 'மூட்டைக்காரம்மா கடை' என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே கைகாட்டிவிடுவார்கள். கடை வைப்பதற்கு முன்னால் பல வருடம், அருப்புக்கோட்டைத் தறிச் சேலைகளை மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர் அவர். திங்கட்கிழமை இடைசெவல், புதன் பசுவந்தனை, சனி குளத்தூர்.

விற்பதற்கு அவரிடம் ஒரே முறைதான் இருந்தது. மூட்டையைப் பிரித்துப் போடுவார். வீட்டுக்காரி நாலு சேலையை எடுத்து வைத்துக்கொள்வாள். பேகம் காசு கேட்கமாட்டார். அடுத்த வாரம் போகும்போது பிடித்த சேலைக்குக் காசு, பிடிக்காதது திரும்ப மூட்டைக்குள். அந்த ஒரு வாரத்தில் சேலையைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். பருத்தி எடுத்துவிட்டு வந்த மாமியார் பார்ப்பாள், பக்கத்து வீட்டுக்காரி தோளில் போட்டுப் பார்ப்பாள்.

"நாலு வீட்டுக் கண்ணு பட்டாத்தான் சீலை நிக்கும்" என்பார் பேகம்.

இதில் தருமம் ஒன்றும் இல்லை. காசை முதலில் கேட்டால் வாங்குகிறவள் ஒரு சேலையோடு நிறுத்திக்கொள்வாள். நாலு சேலை ஒரு வாரம் வீட்டில் கிடந்தால் இரண்டாவதையும் விட மனம் வராது. பசுவந்தனையில் ஒருத்தி, பார்வைக்கு வைத்த சேலையைக் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு போய்விட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையில் சாம்பார் வாசனை. பேகம் அதை வாங்கி மூட்டைக்குள் வைத்துக்கொண்டார். அதே சேலையை அவளுடைய ஓரகத்தியிடம் காட்டி, "ஒங்க அக்கா உடுத்திப் பாத்து நல்லாயிருக்குன்னு சொன்ன சீலை இது" என்று முழு விலைக்கு விற்றுவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டில், சவூதியில் தம்மாமில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகன் ஹாரூன் நீண்ட லீவில் ஊருக்கு வந்தான். சேலைகளை இணையத்தில் விற்றுப் பார்க்கலாம் என்பது அவனுடைய யோசனை. ரம்ஜான், தீபாவளி இரண்டு வியாபாரமும் அந்த வருடம் அடுத்தடுத்து வந்தன. இணைய வியாபாரம் மாதாமாதம் அவன் குடும்பச் செலவுக்குக் கட்டுப்படியானால் தம்மாமுக்குத் திரும்பப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னான். திரும்ப வேண்டிய தேதி நவம்பர் முதல் வாரம்.

"ஒன் இஷ்டம்" என்றார் பேகம். அந்த வாரமே, சரக்கு அடைத்து வைத்திருந்த மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்.

ஹாரூனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். நான் சில வருடம் வடக்கே சுற்றிவிட்டு அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். போன இடங்களில் விடுதிகளுக்கு வலைத்தளம் செய்து கொடுத்துச் சாப்பிட்டவள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. படம் எடுத்து ஏற்றுவது சுலபமாக முடிந்தது. வாங்குகிறவர்கள் கார்டில் கட்டும் பணத்தை நமக்கு வாங்கித் தரும் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நின்றது.

இரண்டு கம்பெனிகள் சரிப்பட்டு வந்தன. ஒன்று சென்னையில். கட்டணம் குறைவு. அவர்கள் மதுரையிலிருந்து ஹரிஹரசுதன் என்பவரை அனுப்பினார்கள். ஆடிக் காற்றுப் புழுதியில் டை கட்டிக்கொண்டு வந்தவர், சேலை விரிக்கும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கஸ்டமர் ஓகே குடுத்த செகண்டே பணத்தை எடுத்துருவோம் மேடம். நாலாவது நாள் உங்க அக்கவுண்ட்ல இருக்கும்."

"சீலை எப்பம் போவும்?" என்றார் பேகம்.

"அது உங்க வசதி. பணம் வந்த பிறகுகூட அனுப்பலாம்."

"அப்பம் சீலையைப் பாக்காமலேயா காசு?"

"போட்டோ பார்த்திருப்பாங்களே மேடம்."

"போட்டோல எம்மகன்கூட செவப்பாத்தான் இருக்கான்."

"யம்மா, சும்மா இரிங்க" என்றான் ஹாரூன்.

"பிடிக்கலைன்னா என்ன செய்வீக தம்பி?"

"ரீஃபண்டு மேடம். பத்து நாள்ல அவங்களுக்குத் திரும்பிப் போயிரும். எங்க சதவீதம் மட்டும் திரும்பாது."

"சீலையை நீங்க தொடவே இல்ல. ஒங்களுக்கு எதுக்குக் கூலி?"

ஹரிஹரசுதன் சிரித்தார். டீ குடித்துவிட்டு, விண்ணப்பத்தை வைத்துவிட்டு மதுரை பஸ் ஏறினார்.

இன்னொரு கம்பெனி பம்பாயில். ஆண்டுச் சந்தாவும் சதவீதமும் அதிகம், நேரில் யாரும் வரமாட்டார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு வசதி இருப்பதை நான் படித்திருந்தேன். அதைப் பற்றிக் கேட்க, போனை ஸ்பீக்கரில் போட்டேன். தமிழ் பேசும் ஒரு பெண் விளக்கினாள். ஆர்டர் வந்ததும் பணத்தை எடுக்கமாட்டார்கள். வாங்குகிறவருடைய கணக்கிலேயே அதைத் தனியாக நிறுத்தி வைப்பார்கள். கடைக்காரர் கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால்தான் பணம் கடைக்கு வரும். ஏழு நாளுக்குள் அமுக்காவிட்டால் நிறுத்தி வைத்தது விடுபட்டு, வாங்குகிறவரிடமே போய்விடும்.

பேகம் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அந்தப் பொத்தானை நாங்கதான அமுக்கணும்? நீங்க அமுக்கிற மாட்டீகளே?"

"மாட்டோம் மேடம்."

"அப்பம் இதுதான்."

நான் போனை வைக்கும் வரை ஹாரூன் பொறுத்திருந்தான். "ஏழு நாள்ல அமுக்காட்டா காசு போயிரும்மா."

"எங்க போவும்? அவுககிட்டதான இருக்கும்."

"அதைத்தான் போயிரும்னு சொல்லுதேன்! சரி, பார்சல் போட்ட அன்னைக்கே அமுக்கிருவோமா?"

"பாத்துட்டு, பிடிச்சிருக்குன்னு சொன்ன பொறவு."

"ஒலகத்துல எவனும் இப்பிடி யாவாரம் பண்ணல."

"ஒலகத்துல எவன்ல பசுவந்தனைக்கு மூட்டை தூக்கிட்டுப் போனான்?"

கடையும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில் இருந்தன. கையெழுத்துப் போட்டார். 'சேலையைப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டுமே பணம் எடுப்போம்' என்று தளத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

ரம்ஜான் ஆர்டர்கள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பெரும்பாலும் சென்னை, பெங்களூர். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் வாங்கியதாகப் பலர் சொன்னார்கள். பார்சல் இரண்டு நாளில் போய்விடும். மூன்றாம் நாள் பேகம் ஒவ்வொருவரையும் போனில் பிடிப்பார். "சீலை நின்னுச்சா? எடுத்துக்கிடட்டுமா?" சரி என்று பதில் வந்ததும், காலிங்பெல் அடிப்பதுபோல ஒற்றை விரலால் பொத்தானை அமுக்குவார். ஹாரூன் மாடி அறைக்கு ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினான். அவன் மனைவி அஃப்ஷான், பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்க விசாரிக்கத் தொடங்கினாள்.

தீபாவளிக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து ஜெயப்பிரியா என்ற பெண் இருபத்திரண்டு சேலைக்கு ஆர்டர் கொடுத்தாள். பசுவந்தனையில் பிறந்தவள், பேகத்தின் மூட்டையைச் சிறு வயதில் பார்த்தவள். கொழுந்தனுக்குக் கல்யாணம். இது ஒன்று கைக்கு வந்துவிட்டால் ஹாரூனின் கணக்கு நேராகிவிடும். அவனே பார்சல் கட்டினான். அது போய்ச் சேரப் புதன்கிழமை ஆகிவிட்டது. பேகம் போன் செய்தார்.

"எல்லாம் நல்லாயிருக்கு பெரியம்மா" என்றாள் ஜெயப்பிரியா. "ஆனா எங்க மாமியார் மலேசியாவுல, ஜோகூர்ல இருக்காவ. ஞாயித்துக்கிழமைதான் வாராவ. அவிய பாக்கணும்லா?"

"பின்ன, பாக்கணும்லா" என்றார் பேகம்.

ஏழு நாள் வெள்ளியோடு முடிகிறது என்று நான் நினைவூட்டினேன்.

"இப்பமே அமுக்குங்கம்மா" என்றான் ஹாரூன். "நல்லாயிருக்குன்னு சொல்லிட்டால்லா?"

"அவ சொன்னா. மாமியா சொல்லலயே."

"நாலு நாள் முந்தி எடுத்தா என்ன? பிடிக்காததுக்குத் திருப்பிக் குடுப்போம்."

"முந்தி எடுத்துட்டுக் குடுக்கது வேற, எடுக்காம இருக்கது வேறல."

கடவுச்சொல் ஹாரூனுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, கணினியின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய்விட்டான். சனிக்கிழமை திறந்தபோது அந்த ஆர்டர் கெடு முடிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. கம்பெனியில் கேட்டோம். வாடிக்கையாளரைப் புதிதாக ஆர்டர் போடச் சொல்லுங்கள் என்றார்கள்.

ஞாயிறு அன்று ஜெயப்பிரியாவே பேசினாள். மாமியாருக்குப் பதின்மூன்று பிடித்திருந்தது. ஒன்பது பிடிக்கவில்லை. "கார்டு எங்க வீட்டுக்காரவுககிட்ட இருக்கு பெரியம்மா, அவுக வேலையா வெளியூர்ல இருக்காவ. எங்க மாமா தீபாவளிக்கு ஊருக்கு வாராவ. காசையும் மிச்சச் சீலையையும் அவியகிட்டயே குடுத்துவிடுதேன்."

"அவசரம் இல்லம்மா."

ஹாரூன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். மறுநாள் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய் டிக்கெட் போட்டுவிட்டு வந்தான்.

"காசு வரும்னு எனக்குத் தெரியும்" என்றான் என்னிடம். "எப்பம் வரும்னு தெரியாத யாவாரத்துல பிள்ளைகுட்டிய வச்சுக்கிட்டு எப்பிடி உக்கார?"

தீபாவளிக்கு முந்தின நாள் ஜெயப்பிரியாவின் மாமா கடைக்கு வந்தார். ஒரு பையில் ஒன்பது சேலை, மடிப்புக் கலையாமல். சட்டைப்பையில் பதின்மூன்று சேலைக்கான பணம். பேகம் அதை வாங்கி மகனிடம் நீட்டினார்.

"வந்துட்டுல்லா?"

"வந்துட்டு. டிக்கெட்டும் போட்டாச்சு" என்றான் ஹாரூன்.

நவம்பரில் போய்விட்டான். அஃப்ஷான் தன் தாய்வீட்டுக்குப் போனாள். மாடி அறையில் மறுபடி சரக்கு ஏறியது. மின்விசிறியை மட்டும் கழற்றவில்லை.

டிசம்பரில் மலேசியாவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஆறாம் நாள் நான் திறந்து பார்த்தபோது பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. நாங்கள் யாரும் அமுக்கவில்லை. எந்த ஊரிலிருந்து அமுக்கினார்கள் என்பது பக்கத்திலேயே வரும்: தம்மாம். ஹாரூன்தான்.

பேகத்திடம் சொன்னேன். சேலை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"பாஸ்வேர்டை மாத்தட்டுமா பெரியம்மா?"

ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. "வேண்டாம், கெடக்கட்டும்" என்றார். பிறகு மலேசியாவுக்குப் போன் போடச் சொன்னார். "எம்மகன் காசை எடுத்துட்டான். பிடிக்கலைன்னா அனுப்பிருங்க, தந்துருதேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

உள்நாட்டு ஆர்டர்களை அவன் தொடுவதில்லை. கடல் தாண்டிப் போகிறவற்றை, ஆறாம் நாள், வேலைக்குக் கிளம்பும் முன் எடுத்துவிடுவான். வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறான். அவனும் அதைச் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை.

எனக்கு அடுத்த ஊருக்குப் புறப்படும் நாள் நெருங்கியது. கடைசியாகக் கடைக்குப் போன காலையில் பேகம் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். துபாய் ஆர்டருக்கு அன்று ஆறாம் நாள்.

"ஏட்டி, அமுக்கிட்டானா?"

திறந்து பார்த்தேன். "இன்னும் இல்ல பெரியம்மா."

"அவனுக்கு அங்கன இப்பந்தான் விடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஷட்டரை முழுதாக மேலே தள்ளினார்.